பதினொரு கடையின் ஆட்சேபணை

தாழந்துறையில் கடை வைத்திருக்கிறவர்கள் கடைக்குள் நின்றுகொண்டு 'இல்லை' என்று சொல்லக் கூடாது. யார் போட்ட கட்டுப்பாடோ, எந்தக் காலத்தில் போட்டதோ, அதெல்லாம் தெரியாது. கடலுக்குப் போகிற மனுசன் இருட்டுப் பிரியுமுன்னே வந்து நின்று ஒரு சாமான் கேட்கிறான், அவன் காதில் முதல் வார்த்தையாக 'இல்லை' விழுந்தால் அன்றைக்கு வலை வெறுமையாகத்தான் ஏறும் என்று அந்த ஊரே நம்பியது. அதனால் அமலோற்பவத்தின் கடையில் எட்டாம் நம்பர் தூண்டில் முள் தீர்ந்துபோனால் அவள், "முள்ளு கடலுக்குப் போயிருக்கு, நாளைக்கு வந்துரும்" என்பாள். டீக்கடை மிக்கேலடிமை பால் தீர்ந்துபோனால், "பால் நடந்து வந்துக்கிட்டு இருக்கு" என்பார். தையற்கடை தொபியாஸ் எதைக் கேட்டாலும் "வெள்ளிக்கிழமை வாங்க" என்பார், எந்த வெள்ளிக்கிழமை என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை. தெருக்கோடியில் சவப்பெட்டி செய்கிற ஆசாரிகூட, கேட்டு வந்த வீட்டாரிடம் முகத்தை முறிக்காமல், "அளவு வந்துக்கிட்டே இருக்கு" என்றுதான் சொல்லுவார்.

இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த அத்தனை அநியாயத்துக்கும் இந்த மரியாதைதான் வாசலைத் திறந்துவிட்டது.

மாதா கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு, அதில் பதினொரு கடை. முன்பு கடைகளுக்கும் கடலுக்கும் இடையே இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. ஒரு ஐப்பசியில் முதல் வரிசையைக் கடல் எடுத்தது, இன்னொரு ஐப்பசியில் இரண்டாவது வரிசையை எடுத்தது. அந்த இரண்டாவது வரிசையில்தான் அமலோற்பவத்தின் வீடு இருந்தது, மூன்று அறையும் துவைகல்லும் முருங்கையுமாக. அதற்குப் பிறகு அவளும் அவள் புருசன் சவரியானும் கடைக்குப் பின்னால் தகரம் சாய்த்து, அங்கேயே சமைத்து அங்கேயே படுத்தார்கள். ஆக, அந்தக் கடை போனால் அவளுக்கு வியாபாரம் மட்டும் போகாது, தலைக்கு மேலே இருக்கிற தகரமும் போகும். அலையைத் தடுக்கத் தூண்டில் வளைவு போட்டுக் கொடுங்கள், கல்லைக் கொட்டி ஒரு கை நீளம் கடலுக்குள் வளைத்து விடுங்கள் என்று ஊர் பத்தொன்பது வருசமாக மனு கொடுத்தது. பத்தொன்பது வருசமும் ஒரே பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது.

ஆடி மாசத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, பிரதீப் என்று ஒரு பையன், வேலை பார்க்கிற வயசுப் பையன்தான், கழுத்தில் அட்டையும் கையில் தொடுதிரை டேப்புமாகக் கணக்கெடுக்க வந்தான். வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது. அமலோற்பவத்துக்குப் பாவமாகப் போய்விட்டது, ஒரு பன்னீர் சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, இந்த ஏரியாவைச் சுற்றுலா மண்டலமா மாத்தப் போறாங்க. உங்களுக்குச் சம்மதமா?" என்றான்.

"மாத்துனா எங்க கடை என்ன ஆவும் தம்பி?"

"எல்லாம் நல்லா பண்ணுவாங்க ஆன்ட்டி. சம்மதமா, இல்லையா? இதுல ரெண்டே கட்டம்தான் இருக்கு, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

கடை முன்னால் நாலு பேர் முள்ளும் நைலான் கயிறும் வாங்கக் காத்து நின்றார்கள், படகு தண்ணீரில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் காதுபட அவள் எப்படி அந்த வார்த்தையைச் சொல்லுவாள்? "பாப்போம் தம்பி, நாளைக்கு வாங்க" என்றாள். தாழந்துறையில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். காத்து நின்ற நாலு பேரும் தலையை ஆட்டினார்கள், அவள் சரியாகத்தான் மறுத்துவிட்டாள் என்று. பிரதீப் சோடாவைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி, 'சம்மதம்' என்ற கட்டத்தை விரலால் தொட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனான். அங்கே மிக்கேலடிமை, "முதல்ல டீயைக் குடிங்க, பேசுவோம்" என்றார். தொபியாஸ் வெள்ளிக்கிழமை வரச்சொன்னார். ஆசாரி அவனை மேலும் கீழும் பார்த்து, "அளவு வந்துக்கிட்டே இருக்கு" என்றார். பதினொரு கடையிலும் பதினொரு விதமாக மரியாதையாக மறுத்தார்கள், பதினொன்றும் சம்மதமாகப் பதிவாயின.

நாற்பது நாள் கழித்து வலைக்கூடத்துச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். தொபியாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். மீனவர் குடியிருப்பும் சிறுகடைகளும் உள்ள இப்பகுதி இனி கடற்கரை உல்லாசச் சுற்றுலா மண்டலம் எனப்படும். தங்கும் விடுதி கட்டலாம். நீச்சல் குளம் கட்டலாம். "நீச்சல் குளமா? கடலுக்கு நாப்பதடி தள்ளி நீச்சல் குளமா?" என்று கூட்டத்தில் ஒருத்தி வாய்விட்டுக் கேட்டாள். ஊர்க் கைவினைப் பொருள்களைக் காட்சிக்கு வைக்க ஒரு கூடம் கட்டலாம். சில்லறைக் கடைகளுக்கு அனுமதியில்லை. கடைசி வரிக்கு வந்ததும் தொபியாஸ் நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். இப்பகுதிக் கடை உரிமையாளர்கள் நூறு சதவீதம் சம்மதம் தெரிவித்துள்ளனர்.

"இன்னொரு மட்டம் வாசிங்க" என்றாள் அமலோற்பவம். வாசித்தார். "இன்னொரு மட்டம்." நாலு தடவை வாசித்தார், நாலு தடவையும் அதே நூறு சதவீதம்தான் வந்தது. சோடா உடைத்துக் கொடுத்தாளே, அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அங்கேயே, தெருவிலேயே நின்று அவள் கத்தியிருக்கலாம், தெருவில் கத்துவதற்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. ஆனால் எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாளோ அந்த இடத்தில்தான் திறக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. விறுவிறுவென்று கடைக்குள் போய், இருபத்தேழு வருசம் உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே யாருமே நிற்காத கல்லாவைப் பார்த்து, "எனக்குச் சம்மதம் இல்லை" என்றாள்.

நாக்குக்கு அடியில் கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவுதான். பலாக்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்புக் கல் வாயிலிருந்து விழுந்து, புதினா மிட்டாய் பாட்டிலின் மூடியை உடைத்துக்கொண்டு மிட்டாய்க்கு நடுவில் போய் உட்கார்ந்தது. இப்போதுதான் கடலிலிருந்து எடுத்த மாதிரி அது நனைந்திருந்தது.

வாசலில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த சவரியான் திரும்பிப் பார்த்தார். "என்னட்டி உடைஞ்சுது?"

"சம்மதம் இல்லைன்னு சொன்னேன்" என்றாள் அவள். முதல் கல்லைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டாவது கல் விழுந்து உருண்டது. சவரியான் அதை எடுத்து, வேட்டியில் துடைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். "கரிக்கு. நம்ம கடல் கல்லுதான்" என்றார். பிறகு வலை பொத்தப் போய்விட்டார். அன்றைக்குக் கடைக்குள் 'இல்லை' விழுந்ததே, கடலுக்குப் போனவர்கள் கதி என்ன ஆகுமோ என்று மிக்கேலடிமை பயந்துகொண்டிருந்தார். மதியம் படகுகள் சாளை மீனை அள்ளிக்கொண்டு வந்தன. அதற்கு என்ன சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் எல்லோரும் மீனை இறக்கினார்கள்.

வாய் ஒரு தடவை திறந்துகொண்டால் பிறகு கடையென்ன, தெருவென்ன. இரண்டு நாளில் பதினொரு கடைக்காரர்களும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள், நாலு நாளில் ஊரே சொல்லிப் பார்த்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் "மாட்டேன்" சொன்ன பிள்ளைகளின் கல்லையே எடுத்து டீச்சர் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வீட்டில் மருமகள் முதல்முறையாக முடியாது என்று சொன்னதில் இட்லிப்பானை அளவுக்கு ஒன்று விழுந்தது, மாமியார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் பின்வாசலுக்கு உருட்டிக்கொண்டு போய் அதிலேயே மசாலா அரைத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, பெண் வேண்டாமென்று சொன்னதில் விழுந்த கல்லையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எங்களுக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று சொல்லிப் போனார்கள். வலைக்கு இந்தக் கல்லையே கட்டிக்கொண்டதால் ஈயக்குண்டு வாங்க ஆள் வராமல் போனதில் அமலோற்பவத்துக்குக்கூடக் கொஞ்சம் எரிச்சல்தான். கொஞ்ச நாளில் இதற்கென்று ஒரு பழக்கமும் வந்துவிட்டது. ஒருத்தர் மறுக்கப்போகிறார் என்று முகத்தில் தெரிந்தால் எதிரே நிற்கிறவர் பேசாமல் காலைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும், கண்ணாடிச் சாமான் இருந்தால் நகர்த்தி வைக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. மனசார மறுத்தால்தான் கல். மிக்கேலடிமையின் பெண்டாட்டி ஒருநாள், "குடிச்சியளா?" என்று கேட்க, அவர் நெஞ்சில் கைவைத்து, "சத்தியமா குடிக்கவே இல்லை" என்றார். வாயிலிருந்து ஒரு கரண்டி மணல் கொட்டியது. அவள் விளக்குமாற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமியார் பூசை வைக்கையில், "மண்டலம் மாத்துற விசயத்துல எனக்கு எந்தக் கருத்தும் இல்லை, அது உலகக் காரியம்" என்று பிரசங்கம் செய்தார். பீடத்து வெள்ளைத் துணியெல்லாம் மணலாகிவிட்டது. சாமியார் நல்ல மனுசர். அந்த மணலைக் கையால் தள்ளிவிட்டு, அங்கியை மடக்கிக்கொண்டு, "சரி, எனக்கும் சம்மதம் இல்லை" என்றார். பீடத்திலிருந்து உருண்ட அந்தக் கல்லைப் பெண்கள் எடுத்து மாதா காலடியில் வைத்தார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை எங்கே வைத்தார்கள் என்று கேளுங்கள். தாழந்துறையில் வைக்கவில்லை. பதினெட்டு மைல் தள்ளி, தாலுகா ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில், புதன்கிழமை பதினோரு மணிக்கு, ஆண்பிள்ளைகள் எல்லாம் கடலில் இருக்கிற நேரமாகப் பார்த்து வைத்தார்கள். அறிவிப்பில் 'ஆட்சேபணைகளை நேரில் சமர்ப்பிக்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. ஊர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. ஓலைப்பெட்டி ஓலைப்பெட்டியாகக் கல்லை நிரப்பி, மூன்று மீன் வண்டியில் ஏற்றி, பெண்கள் அதன்மேல் உட்கார்ந்து போனார்கள். மண்டபத்து மேடையில் முந்தின நாள் கல்யாணத்து ஜோடி நாற்காலி இன்னும் இருந்தது, கூட்டம் நடத்த வந்த அதிகாரியம்மா அதில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன?"

"எங்க ஆட்சேபணைம்மா" என்றாள் அமலோற்பவம்.

"ஆட்சேபணைன்னா மூணு பிரதி வேணும்."

"அதுக்கென்ன, மூணு மட்டம் சொல்லிட்டாப் போச்சு." சொன்னாள். ஒரே அளவில், ஒரே நிறத்தில், அச்சுப் போட்ட மாதிரி மூன்று கல் மேசையில் விழுந்தன. குமாஸ்தா கோப்பை விரித்து வைத்துக்கொண்டு, இதில் எங்கே ஓட்டை போட்டு எப்படி நூலைக் கோர்ப்பது என்று திகைத்துப்போய் நின்றார். கடைசியில் ஒரு துண்டுத்தாளில் 'ஆட்சேபணை, கல் வடிவில், மூன்று வண்டி' என்று எழுதி ரசீது கொடுத்தார்.

அப்போதுதான் ஊராட்சித் தலைவர் இருதயராசு எழுந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மைக்கைப் பிடித்து, "தாழந்துறை மக்கள் சார்பாச் சொல்லுதேன், இந்தத் திட்டத்துக்கு எங்க ஊர்ல எந்த எதிர்ப்பும் இல்லை" என்றார். மைக்கில் மணல் கொட்டுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவர் பதறிப்போய், "நான் யார்கிட்டயும் எதையும் வாங்கவே இல்லை" என்றார், இன்னும் கொட்டியது. "எனக்கும் விடுதி கட்டப்போற கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!" சட்டைப்பை நிறைந்து, மணல் முழங்காலுக்கு வந்தது. 'உன் வாயில மண்ணு விழ' என்று எத்தனையோ பேரை எத்தனையோ தடவை திட்டியிருந்த அந்தப் பெண்கள், இன்றைக்கு யாரும் திட்டாமலே விழுவதைக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். மண்டபத்து ஆள் வந்து முறத்தால் அள்ளி அவரை வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது. தலைவரின் ஆதரவு பதிவு செய்யப்பட்டது என்றார் அதிகாரியம்மா.

அமலோற்பவத்துக்கு அதுவரை இருந்த பயமும் போய்விட்டது.

"அம்மா, நான் கடையில நின்னு நாளைக்கு வாங்கன்னு சொன்னா அது உங்களுக்குச் சம்மதம். நீங்க பத்தொம்பது வருசமாப் பரிசீலனை, பரிசீலனைன்னு சொன்னியளே, அது என்னது? எங்க வீடு கடலுக்குள்ள போவும்போதும் பரிசீலனை. எங்க கோயில் கொடிமரத்துல அலை அடிக்கும்போதும் பரிசீலனை. எங்களுக்கு மறுத்துப் பேசத் தெரியலன்னு எழுதிக்கிட்டியளே, உங்களுக்கு மட்டும் தெரியுமா? கல்லைப் போடமாட்டோம், போங்கடின்னு ஒருநாளாவது எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கியளா?"

அதிகாரியம்மா வாயிலிருந்து கல்லும் விழவில்லை, மணலும் விழவில்லை. ஏனென்றால் அவர் எதையும் மறுக்கவே இல்லை. கவனத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்றார்.

இருபத்திரண்டு நாளில் உத்தரவு வந்தது. ஆட்சேபணைகள் உரிய படிவத்தில் இல்லாததால் ஏற்கப்படவில்லை, சமர்ப்பித்த பொருள்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன. திருப்பி அனுப்பவும் செய்தார்கள்! ஒரு லாரி வந்து, தெருமுனையில் கீரைக்காரி விரித்து வைத்திருந்த சாக்கின் மேலேயே அத்தனை கல்லையும் கொட்டிவிட்டுப் போனது. மனுசன் மனசைத் திறந்து சொன்னதை அள்ளிக் குப்பை மாதிரி கொட்டுகிறார்களே, இவர்களெல்லாம் சோற்றைத்தான் தின்கிறார்களா என்று கீரைக்காரி அன்று முழுக்க ஏசிக்கொண்டிருந்தாள். அவள் ஏசியதில் ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்க முடியாது.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடைகளை இடிக்க மஞ்சள் இயந்திரம் வந்தது, கூட இரண்டு போலீஸ்காரர்கள். ரோட்டிலிருந்து வந்தால் முதல் கடை அமலோற்பவத்தின் கடைதான். சவரியான் மெழுகுவர்த்திப் பெட்டிகளை வெளியே தூக்கிக்கொண்டிருந்தார்.

"சாமானையாவது காப்பாத்துவோம்ட்டி. வேற என்ன செய்ய?"

"வையுங்க அந்தப் பெட்டிய" என்றாள் அவள். "சாமானை எடுத்துட்டு எங்கன போய் நிப்பிய? கடலுக்குள்ளயா?"

அவர் வைத்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இயந்திரம் ஓட்டி வந்தவன் தலையை நீட்டி, "யக்கா, நான் சொன்னதைச் செய்யுதவன், என்னைச் சபிக்காதிய" என்றான். "போக மாட்டேன்" என்றாள் அவள். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கல் விழுந்து தெருவுக்கு உருண்டது, சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியது. இவ்வளவுதானா என்னிடம் இருப்பது என்று ஒரு நொடி கலங்கிப்போனாள். பிறகு, இன்றைக்கு உள்ளதை மட்டும் சொன்னால் இவ்வளவுதான் வரும், சொல்லாமல் விழுங்கியது அத்தனையும் உள்ளேதான் கிடக்கிறது என்று அவளுக்கு விளங்கியது.

அவள் ஆரம்பித்தாள். வீடு போன ஐப்பசியில் வந்து ஒரு போர்வையும் ஒரு வாளியும் கொடுத்து, போதுமாம்மா என்று கேட்டார்களே, அன்றைக்குச் சொல்லாத 'போதாது', இந்தா என்றாள், பனங்காய் அளவுக்கு விழுந்தது. மனு கொடுக்கப் போனவளைச் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடியில் காத்திருக்கச் சொன்னார்களே, முடியுமா என்றார்களே, அதற்கு 'முடியாது', இந்தா என்றாள். உன் பெயர் மாற்று வீட்டுப் பட்டியலில் இருக்கிறது பட்டியலில் இருக்கிறது என்று ஏழு வருசம் நடக்கவிட்டு, அப்புறம் பட்டியலே மாறிப்போனது, பரவாயில்லையா என்றார்களே, பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், வயிறு எரிகிறது, இந்தா என்றாள். அந்தக் கல் கல்லாப்பெட்டியை உடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனது. அவள் குரல் கேட்டு அடுத்த கடையில் மிக்கேலடிமை பாலைக் கீழே வைத்துவிட்டுத் தன்னுடையதை ஆரம்பித்தார். அதற்கடுத்த கடையில் தொபியாஸ் தன் எல்லா வெள்ளிக்கிழமையையும் எடுத்து எறிந்தார். ஆசாரி, சலூன்காரர், வலைக்கடைக்காரர் என்று பதினொரு கடைக்குள்ளிருந்தும், பாட்டன் காலத்திலிருந்து அந்தக் கடைகளுக்குள் விழக் கூடாத வார்த்தை விழுந்தது, விழுந்து உருண்டது, உருண்டு தெருவில் இறங்கியது, கல்மேல் கல்லாகக் கணுக்காலுக்கு ஏறி, முழங்காலுக்கு ஏறி, சக்கரத்தை மூடி, போலீஸ்காரர்களின் ஜீப்பைப் பின்னுக்குத் தள்ளி, ஓட்டுகிறவன் உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கூண்டு மட்டத்துக்கு வந்து நின்றது. பத்தொன்பது வருசத்துக் கல் அது. லேசில் நிற்குமா?

ஓட்டி வந்தவன் இயந்திரத்தை அணைத்துவிட்டு, கூண்டிலிருந்து அப்படியே கல்லின்மேல் இறங்கி உட்கார்ந்தான். வேர்வையைத் துடைத்துக்கொண்டான். "எனக்கும் இதுல இஷ்டம் இல்லக்கா" என்றான். அவன் தாழந்துறைக்காரனே இல்லை, இருந்தாலும் அவன் வாயிலிருந்தும் ஒரு சின்னக் கல் விழுந்தது. அதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டான்.

எட்டு நாளைக்கு அந்தத் தெருவில் யாருக்கும் பேச்சு வரவில்லை, எல்லோருக்கும் உதடு கிழிந்திருந்தது. அமலோற்பவத்துக்கு முன்பல் இரண்டு போய்விட்டது. ஒன்பதாம் நாள் இன்னொரு உத்தரவு வந்தது. பொதுவழியில் அனுமதியின்றிக் கொட்டிய கற்களைக் கடைக்காரர்களே ஏழு நாளைக்குள் அகற்ற வேண்டும். தொபியாஸ் வாசித்து முடித்ததும் எல்லோரும் கல்லையும் பார்த்தார்கள், கடலையும் பார்த்தார்கள். அப்புறம் அமலோற்பவம் ஓட்டைப் பல்லோடு சிரித்தாள்.

"அகத்திருவோம்" என்றாள்.

தாழந்துறை வரலாற்றில் ஒரு சர்க்கார் உத்தரவை ஊரே மனமுவந்து நிறைவேற்றியது அந்த ஒரு தடவைதான். கடைத்தெருவிலிருந்து அலைவரைக்கும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். பெரிய கற்களைப் படகில் ஏற்றினார்கள். எந்த இன்ஜினியரும் வரவில்லை. நீரோட்டம் எந்த மாசத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சவரியானுக்குத் தெரியும், அவர் கடலில் இடுப்பளவில் நின்றுகொண்டு, இங்கன போடு, அங்கன போடு, கொஞ்சம் வளை, போதும் போதும் என்று கையைக் காட்டினார். மருமகள் சொன்ன கல்லை மாமியாரே மசாலாவைக் கழுவிவிட்டுத் தூக்கிவந்தாள். சாமியாரின் கல்லை மாதா காலடியிலிருந்து எடுத்துவந்து கடைசியாக முனையில் போட்டார்கள். ஏழாம் நாள் சாயங்காலத்துக்குள் தெரு சுத்தமாகிவிட்டது. இரண்டு ஐப்பசி அந்தக் கல்லில் மோதிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது, கடல் கொண்டுபோன மணல் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. மூன்றாம் வருசம் மணலுக்குள்ளிருந்து அமலோற்பவத்தின் துவைகல் தலையைக் காட்டியது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கையால் மணலைத் தள்ளித் தள்ளி, பொழுது சாய்கிறவரை அழுதாள்.

மண்டல உத்தரவு ரத்தானதா என்று கேட்பீர்கள். அதெப்படி ரத்தாகும்? பரிசீலனையில் இருக்கிறது.

அந்த வருசம் ஆடியில் பிரதீப் மறுபடி வந்தான். அதே அட்டை, அதே டேப், கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். கடலில் அனுமதியில்லாமல் கட்டிய கட்டுமானங்களைக் கணக்கெடுக்கிறார்களாம். அமலோற்பவம் அவனை அடையாளம் தெரிந்துகொண்டாள். இருந்தாலும் வெயிலில் வந்த பிள்ளை, சோடா கொடுக்காமல் இருக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"ஆன்ட்டி, இந்தத் தூண்டில் வளைவுக்கு யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

"பரிசீலனையில இருக்கு தம்பி."

அவனுக்கு அது உறைக்கவில்லை. டேப்பில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தான். "இதை எடுத்துடணும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. கடைக்காரங்களோட கருத்தைக் கேக்கச் சொல்லியிருக்காங்க. எடுக்கறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?" என்று விரலைக் கட்டத்துக்கு மேலே தயாராக வைத்துக்கொண்டான்.

கடை முன்னால் நாலு பேர் எட்டாம் நம்பர் முள் வாங்க நின்றார்கள், படகு தண்ணீரில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. அந்த நாலு பேரும் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். சவரியான் எழுந்து வந்து மிட்டாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்தார். பக்கத்துக் கடையில் டீ ஆற்றுகிற சத்தம் நின்றது, அதற்கப்பால் தையல் மிஷின் நின்றது.

"தம்பி, காலைக் கொஞ்சம் நகத்திக்கிடுங்க" என்று சொல்லி, அவன் கையிலிருந்த சோடா பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அமலோற்பவம் வாயைத் திறந்தாள்.